நான் சுத்தம் செய்த மலை

தப்பு செய்யப் போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது தயக்கம் இருக்கும். நல்லது செய்யப் போகிறவர்களுக்கு அதுகூட இருக்காது. இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த உண்மை அல்ல. நான்கு வருஷத்துக்கு முன்னால், போனக்காட்டில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கையில் ஒரு சாக்குப்பையுடன் நின்றபோது தானாகத் தெரியவந்தது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கரமனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் துணியைவிடப் பால் கவர்தான் அதிகம் காயும். கழுவி, கவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் எடுக்க வரும் பச்சைக் கோட்டு அக்காமார்கள் தெருவில் எல்லார் பையையும் பிரித்துப் பார்ப்பார்கள், எங்கள் பையை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டு போவார்கள். (அதை ஒரு விருதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.) அம்மாவுக்கு அதில் பெருமை கிடையாது. “இந்த வீட்டுல ஒரு மனுசன் வேட்டி காயப்போட இடமில்ல” என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவாள்.

இரண்டாவது பைத்தியம் மலை. ஆபீஸில் பக்கத்து இருக்கை அஞ்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பொன்முடிப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கால்களிலும் அட்டைக்கடி, கன்றிய தோள், மனசு முழுக்க ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு விடவில்லை. மூச்சு இரைக்க ஏறி, ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால், நாம் வந்த பாதையே மேகத்துக்குள் போயிருக்கும். அந்த நேரத்தில் சம்பளம், மேனேஜர், மாப்பிள்ளை பார்க்கும் படலம் எதுவுமே நம்முடையதாகத் தோன்றாது. அதைவிடப் பிடித்தது எதிரே வருகிற மனிதர்கள். தம்பானூரில் ஆயிரம் பேருக்கு நடுவே நடந்தாலும் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருவர்தான் எதிரே வருவார். வந்தவர் நின்று, எங்கிருந்து வருகிறோம், எங்கே போகிறோம், சாப்பிட்டோமா என்று மூன்றையும் கேட்டுப் பதில் வாங்காமல் நகரமாட்டார். விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே கால் மணி நேரம் பேசிய ஒரு அக்காவை எனக்குத் தெரியும். கட்டை இறக்கி வைக்கச் சொன்னால், திரும்ப யார் தூக்கிவிடுவது என்று கேட்டார்.

இந்த இரண்டு பைத்தியங்களும் தனித்தனியாக இருந்தவரைக்கும் யாருக்கும் ஆபத்தில்லை. போனக்காட்டில்தான் ஒன்று சேர்ந்தன.

அந்தத் தடவை அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். இரண்டு பெண்பிள்ளைகள் தனியாகக் காட்டுக்குள் போக வேண்டாம், அப்பாவும் கூடப் போகட்டும். அப்பா சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் அதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் கடையின் பரண். மலையேற்றத்துக்கு அவர் செய்துகொண்ட ஏற்பாடு: சலவை வேட்டி, வளைந்த பிடி வைத்த நீளக் குடை, நாலடுக்குத் தூக்கு. (கடைச் சரக்கு. வழியில் நாலு பேர் பார்ப்பார்கள் என்றார்.) விடிகாலையில் தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காடு, விதுரை தாண்டியபோது நானும் அஞ்சுவும் தூங்கிவிட்டோம். விழித்தபோது அப்பா கண்டக்டரின் குடும்ப வரலாறு முழுவதையும் தெரிந்துவைத்திருந்தார்.

வனத்துறைச் செக்போஸ்டில் எங்கள் பெயரை எழுதி, பையைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணினார்கள். எத்தனை கொண்டுபோகிறோமோ அத்தனையும் திரும்பி வர வேண்டும். எனக்குப் பரம சந்தோஷம். எல்லாரிடமும் இப்படித்தான் எண்ணுகிறீர்களா, திரும்பும்போது சரி பார்ப்பதுண்டா, குறைந்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டேன். அந்த வாட்சர் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அதில் இரக்கம் இருந்தது.

போனக்காடு தேயிலைத் தோட்டம். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். கவாத்து செய்து வெட்டாமல் விட்ட இடங்களில் தேயிலைச் செடி மரமாகவே வளர்ந்து நிற்கும். கடைசி லயத்தின் கடைசி வீட்டில் எஸ்தர் அக்கா மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அப்பா வழி கேட்கப் போய், இரண்டே நிமிஷத்தில் அக்காவின் தாத்தா வள்ளியூர்ப் பக்கம் என்றும், எங்கள் பூர்வீகம் ஆரல்வாய்மொழி என்றும் பேச்சு திரும்பி, இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். மேலே பாறை வரைக்கும் ஒரே பாதைதான், ஆனால் நடுவில் கிளை பிரியும், பார்த்துப் போங்கள் என்று சொன்னார். திரும்பி வரும்போது பால் கலக்காத கட்டன் சாயா குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் கண்ணில் அது பட்டது. ஒரு மரத்தில் சிவப்பு நைலான் சேலைக் கிழிசல். இன்னும் கொஞ்சம் மேலே அரிசிச் சாக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் நார். அதற்கும் மேலே நீலத்துணி. நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. சுற்றிப் பார்க்க வருகிற கூட்டம் காட்டைக்கூட விட்டுவைப்பதில்லை என்று ஆரம்பித்து, நைலான் மட்க எத்தனை தலைமுறை ஆகும் என்பதை அப்பாவுக்கு ஓடையைத் தாண்டும்வரை விளக்கினேன். அப்பா ஓடையில் வேட்டியை நனைக்காமல் தாண்டுவதில் கவனமாக இருந்தார். இறங்கும்போது இவை எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மதியச் சாப்பாடு முடித்து, பாறைக்குச் சற்றுக் கீழே அப்பாவின் முழங்காலுக்காக உட்கார்ந்திருந்தோம். மணி இரண்டரை இருக்கும். கீழேயிருந்து ஒருவர் நிதானமாக ஏறி வந்தார். தலையில் துண்டு, கையில் கம்பு, சட்டைப்பையில் பொத்தான் வைத்த பழைய போன். எங்கள் பக்கத்தில் இருந்த மரத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர், பெயர் தாசையா.

அப்பா தூக்கைத் திறந்து உளுந்தவடையை நீட்டினார். அவர் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டார். மகள் ஜெபா லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டுக் கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாளாம். இதற்கு முன்னால் போன மூன்று இடத்திலும் ஆகவில்லை. இன்றைக்கு முடிவு. நாலு மணிக்குப் போன் செய்வாள்.

“லயத்துல ரேஞ்ச் கெடையாது. மேல அந்தப் பாறையிலதான் கிட்டும். அதனால அதுக்குப் பேரே ரேஞ்சுப் பாறைதான்” என்றார். (சிக்னல் என்று மற்றவர்கள் சொல்வதை இங்கே ரேஞ்ச் என்போம். பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லாமல் வைத்த பெயர்.)

அப்பா மலையில் இறங்கும் மூடுபனியைப் பார்த்துக் கேட்டார்: “ஒத்தைக்கா போறீக, அண்ணாச்சி? மஞ்சு எறங்குது பாத்தீகளா?”

“எஸ்தருக்கு நாலு மணிக்குப் பால் கறக்கணும். நமக்கு என்னைக்கும் நடக்குற வழிதான அண்ணாச்சி. ரெண்டு வருசமா கண்ணுதான் கொஞ்சம் மோசம். வெயிலு தாழ்ந்தா எல்லாம் புகை மாதிரி ஆயிரும். பரவாயில்ல, வழி இருக்கு.”

வழி இருக்கு என்று அவர் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. அவர் கிளம்புமுன் என் பேச்சை ஒருமுறை அவிழ்த்துவிட வேண்டும் என்பதே என் கவலை. வெளியாட்கள் வந்து இந்த மலையை எப்படிக் கெடுக்கிறார்கள் என்று அவரிடமே விளக்கினேன். அவர் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்லுறது நெசந்தாம்மா” என்றார். “ஆளுக வந்துதான் கெடுக்குதாக.”

இதை நான் அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர் மேலே போனார். மேகம் கீழே வந்தது. அப்பாவின் முழங்கால் இனிமேல் ஏறாது என்று தெரிந்ததும், பாறையைப் பார்க்காமலே திரும்பினோம். அஞ்சுவின் பையில் ஒரு காலிச் சாக்கு இருந்தது, உட்காருவதற்குக் கொண்டுவந்தது. அதை வாங்கிக்கொண்டேன். முடிச்சுகள் மழையில் நனைந்து இறுகியிருந்ததால் அவிழ்க்க வரவில்லை. என்னிடம் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. (முதலுதவிப் பெட்டியில் இருந்தது. உதவி என்பதில் எனக்கு இருந்த தெளிவு அவ்வளவுதான்.) முதல் துணியை வெட்டப் போனபோது அஞ்சு தடுத்தாள்.

“எடீ, இது ஆரெங்கிலும் நேர்ச்சைக்குக் கெட்டியதாயிருக்கும். தொடண்டா.”

நேர்த்திக்கடனுக்கு யாரோ கட்டியதாக இருக்கும், தொடாதே என்கிறாள். நேர்த்திக்கடன் என்றால் ஒரே மரத்தில் நூறு துணி இருக்கும், நூறு மரத்தில் ஒவ்வொன்றாக இருக்காது என்று நான் தர்க்கரீதியாக நிரூபித்தேன். அவ்வளவு சரியாக யோசித்த பெண், அடுத்த அடியையும் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பள்ளத்து ஓரத்தில் நான் கிட்டே போகப் பயந்த கிளைகளை அப்பா குடைப்பிடியால் கொக்கி போட்டு இழுத்துக் கொடுத்தார். அவருக்கும் அதில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நான் விட்டுப்போன இரண்டை அவர்தான் காட்டினார்.

முப்பத்தேழு. எண்ணினேன். லயம் தெரியும் வளைவில் சாக்கை உயர்த்திப் பிடித்து நிற்க, அஞ்சு படம் எடுத்தாள். “இன்று ஒரு மலையைச் சுத்தம் செய்தோம். நீங்கள்?” என்று எழுதி ஆபீஸ் குழுவுக்கு அனுப்பினேன். ரேஞ்ச் இல்லாததால் போகாமல் நின்றது.

எஸ்தர் அக்கா கறந்த பாலைக் கேனில் ஊற்றிவிட்டு எங்களுக்குக் கட்டன் போட்டார். மணி நாலரை. அதற்குள் மாட்டுத்தொழுவம் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கிவிட்டது. அக்கா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். நாலு மணிக்குப் பேசியிருந்தால் இந்நேரம் பாதி வழி வந்திருப்பார், பிள்ளைக்குக் கிடைத்ததோ இல்லையோ, இல்லையென்றால் அவர் மெதுவாகத்தான் வருவார் என்றார். சாக்கில் என்ன என்று கேட்டார். பேச்சை மாற்றக் கேட்டிருப்பார். நான் காத்திருந்த கேள்வி அதுதான்.

“மலையில கண்டவங்க கட்டிப்போட்ட குப்பைக்கா. எல்லாம் எடுத்துட்டோம்” என்று சாக்கைத் திண்டில் கவிழ்த்தேன்.

அக்கா குனிந்து ஒரு நீலத்துணியை எடுத்தார். மடியில் வைத்து நீவி விட்டார். சேலையில் கை துடைப்பதுபோல் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பா கட்டன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்துவிட்டது.

“இது ஜெபா எட்டாப்புல போட்ட பாவாடை” என்றார் அக்கா. பிறகு, “எதுவரைக்கும் எடுத்தீய?”

“பாறைக்குக் கொஞ்சம் கீழ இருந்து. ஒண்ணு விடாம.”

அந்த ‘ஒண்ணு விடாம’வை நான் என்ன குரலில் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் இருக்கிறது. பரிசு வாங்க மேடை ஏறுகிற குரல்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாசையா அண்ணாச்சிக்குக் கண் மங்கியதிலிருந்து பாதையில் கிளை பிரிகிற இடம், வழுக்குகிற இடம் எல்லாவற்றிலும் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் அக்கா துணி கட்டிவைக்கிறார். ஒற்றை முடிச்சு என்றால் வலது பக்கம், இரட்டை என்றால் இடது. மூன்று முடிச்சு இருந்தால் உட்கார்ந்து இறங்க வேண்டும். பருத்தித் துணி மழைக்கு இற்றுப்போகும் என்று பார்த்துப் பார்த்து நைலானும் சாக்கு நாருமாகச் சேர்த்தது. இதையெல்லாம் செருப்பு மாட்டிக்கொண்டே, அடுப்பை அணைத்துக்கொண்டே, அரைகுறை வாக்கியங்களில் சொன்னார். நான் வெட்டிய துணிகளில் முடிச்சு ஒன்றுகூட மிச்சமில்லை.

அண்ணாச்சி வேறு பக்கமாக வந்து சேர்ந்தால் ஆள் வேண்டும் என்று அப்பாவை வீட்டில் இருத்திவிட்டு நாங்கள் மூவரும் ஏறினோம். முன்னால் டார்ச்சுடன் அக்கா, பின்னால் சாக்குடன் நான், கடைசியில் அஞ்சு. காலையில் யானைச் சாணத்தைப் பார்த்துக் குதித்து, கிட்டே போய்ப் படம் எடுத்திருந்தேன். அதே சாணத்தை அந்த மஞ்சில் மறுபடி தாண்டியபோது அது மிகவும் புதியதாகத் தெரிந்தது. ஒவ்வொரு கிளைவழியிலும் அக்கா கையை நீட்டுவார், நான் துணி எடுத்துக் கொடுப்பேன், அவர் கட்டுவார். வெட்டியதில் பாதி கட்ட நீளம் போதவில்லை. என் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தேன். அக்கா இடையிடையே “ஏங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தார். மஞ்சு அந்தச் சத்தத்தைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டது.

ரேஞ்சுப் பாறையில் அவர் இல்லை.

அக்கா பாறையில் கை வைத்துக் குனிந்து நின்றார். இரண்டு பக்கமும் பள்ளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு முழுதாக வந்து சேர்வதற்குள் என் பையில் ‘டிங்’ என்றது.

ரேஞ்ச் கிடைத்துவிட்டது. சாக்குடன் நான் சிரிக்கும் படம் நூற்றறுபது பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டிங். கைதட்டல். டிங். பச்சை இதயம். டிங், டிங். மேனேஜர்: ‘உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறோம்.’ சத்தத்தை அடக்கும் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. அஞ்சு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மலை முழுவதும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது.

அப்போது இடதுபக்கம் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆரு போனு அது?”

பாறையிலிருந்து முப்பதடி கூட இருக்காது. தப்பான கிளைவழியில், ஒரு உருண்டைக் கல்லின் மேல், துண்டைப் போர்த்திக்கொண்டு தாசையா அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அக்கா இறங்கிப் போய் அவர் சட்டைக்கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை.

“கிடைச்சிட்டு, எஸ்தரு” என்றார் அவர். “பிள்ளைக்கு ஜோலி கிடைச்சிட்டு. அடுத்த மாசம் சேரணுமாம்.”

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். அதன் பிறகு, இந்த மஞ்சில் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பீர்கள் இந்தச் சேதியை என்று திட்ட ஆரம்பித்தார். எனக்கு வர வேண்டிய திட்டு முழுவதும் அந்த மனிதருக்குப் போனது. அவர் வாங்கிக்கொண்டார்.

“அதில்ல, மரத்துல துணியக் காணல” என்றார். “மரம் நம்ம மரந்தான். தொட்டாத் தெரியும் எனக்கு. துணி இல்ல. சரி, மரம் மாறிட்டு போலன்னு திரும்பப் பாறைக்கு வந்து மொதல்லேருந்து எறங்குனேன். அப்பவும் அதே மரம். அப்பவும் துணி இல்ல.” உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். “கண்ணு போனது போட்டும். கையும் போயிட்டோன்னு நெனச்சேன். அதாம் அசையாம இருந்துட்டேன்.”

சொல்ல வேண்டியவள் நான்தான்.

“நான்தான் எடுத்தேன், அண்ணாச்சி. குப்பைன்னு நெனச்சு.”

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மதியம் பேசிய பெண் என்று தெரிந்துகொண்டிருப்பார்.

“எத்தனை?”

“முப்பத்தேழு.”

“ஒண்ணு விடாமயா?”

“ஒண்ணு விடாம.” இந்தத் தடவை வேறு குரல்.

“நல்ல வேலைக்காரிதான்” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. இறங்குமுன் பாறையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “நீ குப்பை பொறுக்கப் போனியா, ஆளைத் தொலைக்கப் போனியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அப்பா மாத்திரை போட்டாரா என்று விசாரித்து வைத்துவிட்டாள். அன்று லயத்திலேயே தங்கினோம். மறுநாள் காலை முப்பத்தேழையும் நான்தான் கட்ட வேண்டும் என்று எஸ்தர் அக்கா சொன்னார். முந்தின நாள் அவசரத்தில் தான் கட்டியவற்றையும் அவிழ்த்துவிட்டு என்னையே கட்டச் சொன்னார். அண்ணாச்சி கூடவே வந்து, ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து மார்க் போட்டார். ஏழு முடிச்சில் நான் தோற்றேன். “இது ஒத்தையா, ரெட்டையா? எனக்கே சந்தேகமா இருக்கே” என்பார். பொறியியலில் நான் ஒரு பாடத்தில்கூடத் தோற்றதில்லை. வழியில் புல்லறுக்கப் போகிறவர்கள், பால் எடுத்துப் போகிறவர்கள் என்று எதிரே வந்த எல்லாரும் வழக்கம்போல நின்றார்கள். எங்கிருந்து வருகிறோம், என்ன செய்கிறோம் என்று கேட்டார்கள். அண்ணாச்சி எல்லாருக்கும் முதலிலிருந்து சொன்னார். மலையில் ஆட்கள் நின்று பேசுவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முன்பே சொன்னேன். அன்று காலை மட்டும் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில், அந்த மாதத்தின் பசுமைப் பணியாளர் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். அடக்கமான பெண் என்று கூடுதலாக ஒரு தடவை கைதட்டினார்கள். அஞ்சு மட்டும் தட்டவில்லை.

வீட்டில் அப்பா இந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் கிடையாது. கடைக்கு வருகிற வாடிக்கையாளருக்குக்கூடத் தவலையைப் பொதிந்துகொண்டே சொல்லுவார். அவர் சொல்லும் கதையில் குடை வராது. “நான் அப்பவே சொன்னேன், கிடக்கட்டும் மக்கா, யாரோ கட்டினது, விடுன்னு. கேட்டாளா?” என்பார். நான் வாயைத் திறந்தால் அம்மா, “நீ சும்மா இரு, அன்னைக்கே சும்மா இருந்திருக்கலாம்” என்பாள். நான் மேஜையைத் துடைக்கத் துணி எடுத்தால் தம்பி போனையும் சாவியையும் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

போன வருஷம் ஜெபாவுக்குக் கல்யாணம். விதுரையில் தேவாலயம், பக்கத்து ஹாலில் சாப்பாடு. நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். எஸ்தர் அக்கா என்னை வாசலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் வீட்டுப் பிள்ளையாகவே நடத்தினார். பன்னீர் தெளித்தேன். பாயசம் விளம்பினேன். பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டேன். முதல் பந்தி எழுந்ததும், அடுத்தவர்கள் உட்கார வேண்டுமே என்று ஒரு எச்சில் இலையை மடித்து எடுக்கக் குனிந்தேன்.

மூன்று பக்கத்திலிருந்து மூன்று கைகள் என் கையைப் பிடித்தன. எனக்கு முன்பின் தெரியாத, லயத்துப் பெண்கள்.

“நீ எதையும் எடுக்காத தாயி. நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் ஒருத்தர்.

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்து மாப்பிள்ளையும் பார்த்தார். கொச்சிக்காரர், நான் அவரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஜெபாவின் பக்கம் சாய்ந்து அவர் கேட்டது, மைக் பக்கத்தில் இருந்ததால், ஹால் முழுக்கக் கேட்டது.

“இவங்கதானா?”

தாசையா அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையை நோக்கி, நிதானமாகத் தலையாட்டினார்.